கணையப் புற்றுநோய் அறுவை: பக்கத்து மருத்துவமனையா, சிறப்பு மையமா?

கணையத்தின் தலைப்பகுதியில் புற்றுநோய் வந்தால் வழக்கமாகச் செய்வது விப்பிள் அறுவை. கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தில் ஒரு பகுதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மிச்சக் கணையத்தையும் பித்தநாளத்தையும் இரைப்பையையும் மறுபடி குடலோடு தைத்து இணைக்க வேண்டும். இதை எங்கே செய்துகொள்வது?

எண்களைப் பார்த்தால் போட்டியே இல்லை. அமெரிக்க முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் பதிவுகளை அலசி 2002-ல் வெளிவந்த ஆய்வில், ஆண்டுக்கு ஒரு கணைய அறுவைகூடத் தேறாத மருத்துவமனைகளில் அதையொட்டி இறந்தவர்கள் 16.3 சதவீதம், ஆண்டுக்கு 16-க்கு மேல் செய்த இடங்களில் 3.8. நெதர்லாந்தில் இந்த அறுவையைச் சில மருத்துவமனைகளுக்குள் குவிக்கத் தொடங்கினார்கள். 2004-ல் 9.8 சதவீதமாக இருந்த இறப்பு 2009-ல் 5.1 ஆனது.

பெரிய மையத்து டாக்டரின் கைராசி என்று இதை எடுத்துக்கொண்டால் பாதிதான் சரி. கணையத்தைத் தைத்த இடத்தில் கசிவு எங்கேயும் வரலாம். கசியும் கணையநீர் அருகிலுள்ள ரத்தக் குழாயை அரித்தால் திடீரென ரத்தம் கொட்டும். அந்த நேரத்தில், அது நள்ளிரவாகவே இருந்தாலும், சி.டி. ஸ்கேன் எடுத்து, தோல்வழியே குழாய் செருகிச் சீழை வடிக்கவும் ரத்தக் குழாயை அடைக்கவும் ஆள் இருக்கிறார்களா? சிறிய மருத்துவமனை சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

ஆனால் பெரிய பெயர் மட்டும் போதாது. நெதர்லாந்தின் 17 மையங்களில் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், நோயாளியைத் தினமும் ஒரே முறைப்படி சோதித்து, கசிவு என்ற சந்தேகம் வந்த உடனே ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கசிவு, உறுப்புச் செயலிழப்பு, 90 நாளுக்குள் இறப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைச் சந்தித்தவர்கள் 14 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைந்தார்கள். இத்தனைக்கும் எல்லாமே இந்த அறுவையில் பழகிய இடங்கள்!

பக்கத்து மருத்துவமனைக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. அறுவைக்குப் பின் கீமோ அவசியம். நான்கு மருந்துகள் சேர்ந்த ஃபோல்ஃபிரினாக்ஸ் முறையின் மாற்று வடிவத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 24 வாரம் ஏற்றுவார்கள். 2018-ல் வெளியான ஆய்வில் அதைப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் இதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 54.4 மாதம், ஜெம்சிடபைன் என்ற ஒரே கீமோ மருந்தை மட்டும் பெற்றவர்களுக்கு 35. ஒவ்வொரு தடவையும் தொலைதூரம் பயணம் போனால் உடம்பு தாங்காது. புற்றுநோய் மருத்துவர் ஊரில் இருந்தால், மையத்தோடு பேசி ஊரிலேயே ஏற்றிக்கொள்ளலாம்.

அறுவைக்கு மட்டும் தூரம் பார்க்காதீர்கள். மையத்தில் கேட்க வேண்டியவை: ஆண்டுக்கு எத்தனை விப்பிள், ராத்திரியில் ஸ்கேன் எடுத்துக் குழாய் செருகும் ரேடியாலஜி ஆள் உண்டா, டிஸ்சார்ஜ் ஆனபின் காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது.