லீவில் ஊருக்குப் போய் மேல்காது குத்திக்கொண்டேன்

மெல்போர்னிலிருந்து ஊருக்கு வரும்போது பல் டாக்டர், கண்ணாடி, ஜாக்கெட் தைக்கிறது என்று ஒரு பட்டியலோடுதான் வருவோம். இந்த ஜூலையில் என் பட்டியலில் முதலில் இருந்தது மேல்காது, அதுவும் இடது காது.

வலது காதில் மூன்று வருடம் முன்னால் ஒரு நகைக்கடையில் குத்தியிருந்தேன். கவுன்டர் பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார வைத்து, பேனாவால் புள்ளி வைத்து, காது குத்துகிற கன்னால் ஒரு ஷாட், டக்கென்று ஒரு சத்தம், இரண்டு நிமிடத்தில் முடிந்தது. நாலாம் நாள் பிளைட் ஏறிவிட்டேன். பத்தாம் நாள் காதின் மேல்பாதி முழுக்கச் சிவந்து வீங்கி, தொட்டால் அனலாக இருக்கிறது, தோட்டின் தலை சதைக்குள் புதைந்துபோயிருக்கிறது. டாக்டர் தோட்டைக் கழற்றிவிட்டு சிப்ரோஃப்ளாக்சசின் என்கிற ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்தார். ஆறிவிட்டது, ஆனால் மேல் மடிப்பில் ஒரு சின்னப் பள்ளம் நின்றுவிட்டது, விரல் வைத்தால் தெரியும்.

அன்றைக்கு அவர் விளக்கினது இதுதான். கீழ்க்காது வெறும் சதை, ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும், 6-8 வாரத்தில் ஆறிவிடும். மேல்காது குருத்தெலும்பு, அதற்கென்று ரத்தக்குழாய் கிடையாது, மேலே போர்த்தியிருக்கிற மெல்லிய சவ்விலிருந்துதான் ஊட்டம் வரவேண்டும். அதனால் ஆற ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும், சீழ் பிடித்தால் குருத்தெலும்பே கரைந்து காதின் வடிவம் போய்விடும். கன் மழுங்கின தோட்டு முனையை ஸ்பிரிங் வேகத்தில் இடித்துத்தான் உள்ளே அனுப்புகிறது. ஊசி அப்படியில்லை, கூராக வெட்டிக்கொண்டு போகும்.

இந்த முறை சென்னையில் இறங்கின மறுநாளே, அக்கா வீட்டிலிருந்து, டாட்டூவும் பியர்சிங்கும் செய்கிற ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். ஊரில் ஐந்து வாரம் இருப்பதால் ஏதாவது ஆனாலும் காட்ட நேரம் இருக்கும் என்று கணக்கு. அங்கே குத்துகிற பெண் முதலில் கேட்டது, வீட்டில் யாருக்காவது தழும்பு கட்டியாகத் தடித்துக்கொள்ளுமா என்றுதான், நம் தோலுக்குக் கீலாய்டு வருகிற வாய்ப்பு கூடுதல். புது கையுறை, சீல் பிரிக்காத ஊசி, ஆட்டோகிளேவில், அதாவது நீராவியில் கிருமி நீக்குகிற கருவியில், வைத்து எடுத்த இடுக்கி, எல்லாவற்றையும் என் கண்முன்னே பிரித்தார். ஊசி இறங்கும்போது காதுக்குள் நறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது, வலி அப்புறம்தான் வந்தது. உடம்புக்குள் பொருத்துகிற இம்ப்ளான்ட் தர டைட்டானியம் கம்பி, வீக்கத்துக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நீளமாக. 2,500 ரூபாய்.

மதுரை வந்ததும் அம்மா கிண்ணத்தில் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "இது வைக்காம எப்படிடி ஆறும்?" எனக்கு மனசே வரவில்லை, ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எண்ணெயும் பொடியும் ஓட்டையை அடைத்து அழுக்கைப் பிடித்துவைக்கும். ஸ்பிரிட், டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் கூடாது, புதுச் சதையையே அரித்துவிடும். மெடிக்கல் ஷாப்பில் ட்ரிப்ஸ் ஏற்றுகிற நார்மல் சலைன், 0.9 சதவீதம், சின்ன பாட்டில் கேளுங்கள், விலை குறைவு. திறந்ததை மறுநாளைக்கு வைத்திருக்காதீர்கள். காஸ் துணியில் நனைத்துக் காலையும் இரவும் ஒற்றி எடுப்பேன், அவ்வளவுதான். முக்கியமாகத் தோட்டைத் திருகக்கூடாது. சின்ன வயதில் நம் எல்லாருக்கும் திருகச் சொல்லிக்கொடுத்தார்கள், மேல்காதில் அது புண்ணைப் புதுப்பிக்கிற வேலை. வெள்ளையாக நீர் வடிந்து பொருக்குத் தட்டுவது சகஜம், அதைப் பிய்க்காமல் நனைத்தால் தானே உதிரும். காது சூடாக வீங்கினாலோ, பச்சையாகச் சீழ் வந்தாலோ அன்றைக்கே டாக்டர்.

தூங்குவதுதான் பெரிய சிரமம். பிளைட்டில் கழுத்தில் மாட்டுகிற தலையணை இருக்கிறதே, அதன் ஓட்டைக்குள் காது வருகிற மாதிரி படுத்துப் பழகினேன். துப்பட்டா இரண்டு தடவை மாட்டி இழுத்து உயிர் போய்விட்டது. குற்றாலம் சீசன் என்று எல்லாரும் கிளம்பினார்கள், நானும் போனேன், ஆனால் அருவியில் தலை கொடுக்காமல் கரையில் நின்றேன். ஆசையாகத்தான் இருந்தது.

கிளம்புகிறதுக்கு முன்னால் தெற்காவணி மூல வீதிப் பக்கம், குலதெய்வக் கோயிலில் மாமா மடியில் வைத்து எனக்குக் கீழ்க்காது குத்தின ஆசாரியைப் பார்க்கப் போனேன். என் அப்பத்தா மேல்காதில் கொப்பு போட்டிருப்பார், அதை விற்ற பிறகும் ஓட்டை தூர்ந்துவிடாமல் ஈர்க்குச்சி செருகிவைத்திருப்பார். அதே மாதிரி சின்னதாகச் செய்ய முடியுமா என்று கேட்டேன். காதைத் தொடாமல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இன்னும் பச்சைப் புண்ணு தாயி. அடுத்த வருசம் வா, செஞ்சு வைக்கிறேன்."

அளவை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டார்.