திரை இருண்டு மீண்ட வீட்டுக் கணினி: சில ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

மதுரை திருநகரில் உள்ள எங்கள் வீட்டில் 2020 முதல் ஒரு மேசைக் கணினியைப் பயன்படுத்தி வருகிறோம். அச்சகங்களுக்குத் திருமண அழைப்பிதழ், காதணி விழா, புதுமனை புகுவிழா அழைப்பிதழ் ஆகியவற்றைப் பக்கம் அமைத்துக் கொடுப்பது என் தொழில் என்பதால், முகூர்த்த மாதங்களில் காலை முதல் இரவு வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். வேகம், நினைவகம், திரையின் நிறத் துல்லியம் எதிலும் எனக்குக் குறை இல்லை. இரண்டாம் கோடையில் தொடங்கிய ஒரு கோளாறுதான் நீண்ட காலம் தொல்லை கொடுத்தது. வேலை நடுவே திரை திடீரென்று இருண்டு இரண்டு மூன்று விநாடிகளில் தானே திரும்பும். சில நாள்களில் கணினி முழுவதுமே அணைந்து மறுபடி தொடங்கும். பிறகு பல நாள்களுக்கு ஒன்றும் நடக்காது.

எப்போதும் இருக்கும் பழுதைக் கண்டுபிடிப்பது எளிது. விட்டு விட்டு வரும் பழுது, பழுதுபார்ப்பவர் மேசைக்குப் போனதும் மறைந்துவிடும். எங்கள் கணினியைக் கடைக்குக் கொண்டுபோனபோது மாலை வரை ஓடவிட்டுப் பார்த்தும் திரை ஒருமுறைகூட இருளவில்லை. ரேம் பட்டைகளைக் கழற்றி முனைகளை அழிப்பானால் தேய்த்துப் பொருத்தினார்கள். விண்டோஸை ஃபார்மேட் செய்து புதிதாக நிறுவினார்கள். அதன்பின் சில வாரங்கள் அமைதியாக இருந்ததால் ஃபார்மேட்தான் மருந்து என்று எல்லோரும் நம்பினோம். ஆனால் அந்த வாரங்கள் ஐப்பசி மழை பெய்த வாரங்கள்; மாசி முடிந்து வெயில் ஏறியதும் பழுது திரும்பியது. இத்தகைய கோளாறில் கடைசியாகச் செய்த வேலை எதுவோ அதற்கே பெருமை போய்ச் சேர்ந்துவிடுகிறது. பழுது வழக்கமாக வரும் இடைவெளியைவிடப் பல மடங்கு காலம் காத்திருந்த பிறகே எந்தச் சிகிச்சையையும் நம்பலாம் என்பது என் உறுதியான கருத்து. ஃபார்மேட்டை முதல் வேலையாகச் செய்வதையும் நான் ஏற்பதில்லை, ஏனெனில் அதுவரை கணினி எழுதி வைத்திருந்த பதிவுகள் எல்லாம் அதோடு அழிந்துபோகின்றன.

அதனால் மேசையருகே ஒரு நோட்டை வைத்தேன். தேதி, நேரம், இருண்டது மட்டுமா அல்லது அணைந்ததா, அப்போது கணினியில் என்ன வேலை, வீட்டில் என்ன மின்கருவி ஓடிற்று, மின்தடை வந்ததா என்று வீட்டில் எல்லோரும் குறித்தார்கள். சில வாரங்களிலேயே ஒன்று தெளிவானது. ஒரே நோயின் இரு வடிவங்கள் என்று நாங்கள் எண்ணியவை உண்மையில் தனித்தனி நோய்கள். கணினி அணைந்து தொடங்கிய நேரங்கள் எல்லாம் மின்தடை வந்த நேரத்தோடோ, மின்னழுத்தம் இறங்கிய நேரத்தோடோ ஒட்டியிருந்தன. திரை மட்டும் இருண்ட நேரங்களுக்கும் மின்தடைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

நோட்டில் இருப்பதைக் கணினியின் சொந்தப் பதிவுகளோடு ஒப்பிட்டது மிகவும் உதவிற்று. விண்டோஸில் ரிலையபிலிட்டி மானிட்டர் என்ற கருவி, எந்த நாளில் எது தடுமாறியது என்பதை நாள்வாரிப் படமாகவே காட்டும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கணினி அணைந்த நேரங்களில் எல்லாம் கெர்னல் பவர் 41 என்ற பதிவு இருந்தது. அதனுள் பக்செக் கோடு என்னும் இடத்தில் 0 இருந்தது. முறையாக மூடப்படாமல் கணினி நின்றது என்பதை 41 சொல்கிறது. மென்பொருள் சிதைந்து நீலத்திரை வந்திருந்தால் அந்த இடத்தில் வேறு எண் இருக்கும். 0 இருந்தால் முதலில் மின்சாரத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். திரை இருண்ட நேரங்களில் இன்னொரு வகைச் சான்று கிடைத்தது. படத்தைத் திரைக்கு அனுப்பும் பகுதியை இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் 2 விநாடிக்கு மேல் பதில் தராமல் நின்றால் விண்டோஸ் அதை மீட்டுத் தொடங்கி 4101 என்ற எண்ணில் பதிந்து வைக்கும். எங்கள் பதிவில் 4101 ஒன்றுகூட இல்லை. ஆகவே டிரைவரை மாற்றி மாற்றி நிறுவும் வேலைக்குப் போகாமல், கணினியின் திரை இணைப்பு முனைக்கும் மானிட்டருக்கும் இடைப்பட்ட வழியில் தேடுவது என்று முடிவு செய்தேன்.

கணினி அணைவதற்குக் காரணம் எங்கள் இன்வெர்ட்டரின் பின்புறத்தில் உள்ள ஒரு சிறு சுவிட்சில் இருந்தது. வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றில் யுபிஎஸ், நார்மல் என்று இரண்டு நிலைகள் உண்டு; சிலவற்றில் நார்மலுக்குப் பதில் ஈகோ என்றிருக்கும். யுபிஎஸ் நிலையில் மின்னழுத்தம் ஏறத்தாழ 180 வோல்ட்டுக்குக் கீழே போனாலே பேட்டரிக்கு மாறிவிடும். மாறுவதும் விரைவாக நடக்கும். நார்மல் நிலையில் 100 வோல்ட் அளவு வரை பொறுத்துக்கொள்ளும். மாறுவதற்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். மின்விசிறிக்கும் விளக்குக்கும் அந்தத் தாமதம் பொருட்டல்ல. வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி அப்படியல்ல. உள்ளே வரும் மின்சாரம் அறுந்த பிறகு 16, 17 மில்லி விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதே மேசைக் கணினிகளுக்கான ஏடிஎக்ஸ் வரையறை எதிர்பார்க்கும் அளவு. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு முழு அலையே 20 மில்லி விநாடி. அந்த 16, 17 மில்லி விநாடிக்குள் இன்வெர்ட்டர் கைகொடுக்காவிட்டால் கணினி அணைந்துவிடும்.

அப்படியானால் ஒவ்வொரு மின்தடைக்கும் அணைய வேண்டுமே, சில நேரம் மட்டும் ஏன் என்ற கேள்வி என்னை வெகுநாள் குடைந்தது. விடை நோட்டிலேயே இருந்தது. பெரிய படங்களைக் கோத்து அச்சுக்கோப்பு உருவாக்கும் வேளையில் அணைந்தது. வெறுமனே திறந்து கிடந்த வேளையில் தப்பித்தது. எஸ்எம்பிஎஸ் உள்ளே உள்ள மின்தேக்கியில் சேர்ந்திருக்கும் ஆற்றல்தான் அந்த இடைவெளியைத் தாங்குகிறது. சுமை கூடினால் அது விரைவில் வடிந்துவிடும். மின்தேக்கியின் ஆயுள் வெப்பநிலை 10 டிகிரி கூடுவதற்கு ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது மின்னணுத் துறையில் வழங்கும் கணக்கு. அக்கினி நட்சத்திர நாள்களில் மாடி அறையில் மூடிய மேசைக்கடியில் இயங்கும் எஸ்எம்பிஎஸ் வயதாக ஆகத் தாங்கும் திறனை இழப்பதில் வியப்பில்லை. ஆண்டுக்காண்டு பழுது கூடியதற்கும் இதுவே பொருந்தும் விளக்கமாக எனக்குத் தோன்றுகிறது.

இன்வெர்ட்டரை நார்மல் நிலையில் வைத்த எலக்ட்ரீஷியனைக் குறை சொல்ல முடியாது. கோடை இரவுகளில் தெரு முழுவதும் குளிர்சாதனங்கள் ஓடி அழுத்தம் இறங்கும்போது, யுபிஎஸ் நிலையில் இருந்தால் மின்சாரம் இருந்தும் பேட்டரி வடிந்துகொண்டே இருக்கும். ஆகவே சுவிட்சை அப்படியே விட்டுவிட்டு, இன்வெர்ட்டருக்கும் கணினிக்கும் நடுவில் கணினிக்கென்று பேட்டரியுடன் கூடிய சிறிய யுபிஎஸ் கருவி ஒன்றை வைத்தோம். எங்கள் இன்வெர்ட்டர் மின்வாரிய மின்சாரத்தைப் போலவே சீராக ஏறி இறங்கும் சைன் அலை தருவது என்பதால் இந்த ஏற்பாடு ஒத்துப்போனது. சதுர அலை தரும் பழைய இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் யுபிஎஸ் அந்த மின்சாரத்தை ஏற்காமல் போகவும் வாய்ப்புண்டு. மின்சாரத்தைச் சீராக இழுக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சுற்று உள்ள எஸ்எம்பிஎஸ் வைத்திருப்பவர்கள் யுபிஎஸ்ஸும் சைன் அலை தருவதுதானா என்று கேட்டு வாங்குவது நல்லது. யுபிஎஸ் வந்த பிறகு 41 என்ற பதிவு எங்கள் கணினியில் வரவில்லை.

திரை இருள்வது இன்னும் நுட்பமான பழுது. இருளும் கணத்தில் மானிட்டர் சிக்னல் இல்லை என்ற வாசகத்தைக் காட்டியதால் மானிட்டருக்கு உயிர் இருக்கிறது, படம்தான் வந்து சேரவில்லை என்பது உறுதியானது. நோட்டின்படி இது மூன்று வேளைகளில் நேர்ந்தது: அடுத்த அறையில் பழைய சோக் வைத்த டியூப் லைட்டை அணைக்கும்போது, அடுப்படியில் மிக்ஸி ஓடும்போது, நான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது. மூன்றாவதை வீட்டில் யாரும் நம்பவில்லை. ஆனால் வாயு உருளை வைத்து ஏற்றி இறக்கும் நாற்காலியிலிருந்து எழும்போது நிலைமின்சாரம் பொறியாக வெளிப்பட்டு, அதன் மின்காந்த அதிர்வைத் திரைக்கம்பி வாங்கிக்கொள்வதால் படம் அறுபடலாம் என்று திரை இணைப்புத் தொழில்நுட்பம் தரும் டிஸ்ப்ளேலிங்க் நிறுவனமே தன் உதவிக் குறிப்புகளில் சொல்கிறது. சோக் அணையும்போதும் மிக்ஸியின் கார்பன் பிரஷ் பொறி தெறிக்கும்போதும் இதே வகை அதிர்வுதான் எழுகிறது. முழு எச்டி படத்தை நொடிக்கு 60 முறை அனுப்ப எச்டிஎம்ஐ என்னும் அந்தத் திரைக்கம்பி வழியே நொடிக்கு ஏறத்தாழ 4.46 கிகாபிட் போகிறது. நடுவே குழப்பம் நேர்ந்து மானிட்டர் ஒத்திசைவை இழந்தால் இரு பக்கமும் மீண்டும் கைகோக்க வேண்டும். அந்த இரண்டு மூன்று விநாடி இருட்டு அதற்கான நேரமே.

கம்பி அவ்வளவு எளிதில் அதிர்வை வாங்கியதற்கு எர்த் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எண்ணிச் சோதித்தோம். வெறுங்காலோடு கணினியின் உலோகப் பெட்டியான கேபினெட்டைத் தொட்டால் விரலில் மெல்லிய சுருக்கென்ற உணர்வு இருந்தது. லைன் டெஸ்டரும் அதில் எரிந்தது. எர்த் இல்லாத இணைப்பில் எஸ்எம்பிஎஸ் உள்ளே உள்ள வடிகட்டி மின்தேக்கிகளால் கேபினெட் 115 வோல்ட் அளவில், அதாவது வரும் மின்னழுத்தத்தில் பாதியில், மிதக்கும். எலக்ட்ரீஷியன் மின்சாரம் வரும் பேஸ் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே குண்டு பல்பை வைத்தபோது அது மங்கலாக எரிந்தது; எர்த் சரியில்லை என்று பொருள். குழியைத் தோண்டிப் பார்த்தால் பழைய குழாய் துருப்பிடித்து, மண் உலர்ந்து கிடந்தது. திருப்பரங்குன்றம் மலையை ஒட்டிய எங்கள் பகுதியில் சிறிது தோண்டினாலே பாறை தட்டும். உலர்ந்த பாறைநிலம் மின்சாரத்தை எளிதில் வாங்காது. மழைக்காலத்தில் திரை ஒழுங்காக இருந்ததற்கு ஈரமான எர்த் குழியும் காரணமாக இருந்திருக்கலாம். எர்த் அமைப்பதற்கான இந்தியத் தர ஆவணமான ஐஎஸ் 3043 வழிகாட்டும்படி 2.5 மீட்டருக்குக் குறையாத துத்தநாகப் பூச்சுக் குழாயைக் கரியும் உப்பும் இட்டுப் பாறை இல்லாத வேறு மூலையில் இறக்கினோம். இந்த வேலைக்குத் தகுதியான எலக்ட்ரீஷியன் கட்டாயம் வேண்டும். யாரும் தாமாகச் செய்ய முயலக்கூடாது. கணினி பழுதுபட்டாலும் படாவிட்டாலும் எர்த் இல்லாத வீடு உயிருக்கு ஆபத்தானது.

எர்த் சரியான பிறகு கேபினெட்டின் சுருக்கென்ற உணர்வு மறைந்தது. மிக்ஸிக்குத் திரை இருள்வதும் நின்றது. டியூப் லைட்டுக்கும் நாற்காலிக்கும் எப்போதாவது இருண்டது. எதையும் சேர்த்து மாற்றாமல் ஒரு கோடையின் பெரும்பகுதியை அப்படியே விட்டுப் பார்த்த பின்பே, நீண்டு சுருண்டு கிடந்த பழைய எச்டிஎம்ஐ கம்பியை எடுத்துவிட்டு, பிரீமியம் ஹை ஸ்பீடு சான்று ஒட்டிய குட்டையான கம்பியைப் போட்டோம். அதோடு அதுவும் நின்றது. புதிய மானிட்டர் வாங்கச் சொன்ன யோசனைக்கு ஆகியிருக்கும் செலவை நினைத்தால் கம்பியின் விலை மிகச் சிறிது.

இப்போது இக்கணினியில் பராமரிப்பு என்று மிஞ்சியவை சிலவே. கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுகிறோம். எஸ்எம்பிஎஸ்ஸின் காற்று வாயில் படியும் தூசியை, மின்இணைப்பைக் கழற்றிய பிறகு பிரஷால் துடைக்கிறோம். சிறிய யுபிஎஸ்ஸின் 12 வோல்ட் பேட்டரி மட்டும் எங்கள் மாடி அறை வெப்பத்தில் அதிக ஆண்டுகள் நிற்பதில்லை. ஒருமுறை மாற்றியாயிற்று, மின்தடையின்போது தாங்கும் நேரம் மீண்டும் குறைந்து வருவதால், பங்குனி பிறப்பதற்குள் அடுத்ததையும் வாங்கிப் பொருத்த இருக்கிறேன்.