சேற்றுக்கு எந்த கேபிள் டிஸ்க்: ஏவிட் பிபி7 ரோடா, டிஆர்பி ஸ்பைரா?

சேறும் புல்லுமான தடங்களில் ஓட்டும் சைக்ளோகிராஸ் சைக்கிள் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்கை சர்வதேச சைக்கிள் சங்கமான யுசிஐ அனுமதித்தது 2010ல். ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பரவிவிட்ட பிறகும், கம்பியால் இழுத்து இயக்கும் கேபிள் டிஸ்க்கைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். பழைய ரோடு லீவரையே வைத்துக்கொள்ளலாம், ஆயில் மாற்றி காற்று எடுக்கும் வேலை இல்லை, கேபிள் போனால் எந்த சைக்கிள் கடையிலும் கிடைக்கும்.

வாங்கும் முன் பெட்டியில் உள்ள பெயரை முழுதாகப் படியுங்கள். பிபி7ல் ரோடு, மவுண்டன் என்று இரண்டு உண்டு. வளைந்த ஹேண்டில்பார் லீவர் இழுக்கும் கேபிள் நீளம் குறைவு. அதோடு மவுண்டன் கேலிப்பரை (பேடுகளைத் தாங்கி அழுத்தும் பகுதி) சேர்த்தால், பேட் சரியாக அழுத்துவதற்குள் லீவர் ஹேண்டில்பாரில் முட்டிவிடும். எந்த டியூனிங்கும் இதைச் சரிசெய்யாது. ஸ்பைர் ரோடு லீவருக்கானது; அதன் மவுண்டன் உறவுக்குப் பெயரே வேறு, ஸ்பைக். ஃப்ரேமில் இருப்பது போஸ்ட் மவுண்டா, ஃப்ளாட் மவுண்டா (கேலிப்பரைப் பொருத்தும் இரண்டு வகை) என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

பிபி7ல் வெளிப்பக்க பேட் மட்டுமே நகரும். அது ரோட்டாரை, அதாவது சக்கரத்தோடு சுழலும் தட்டை, சற்று வளைத்து உள்பக்க பேட்மேல் அழுத்தும். ஸ்பைரில் இரண்டு பேடும் சேர்ந்து நகர்வதால் ரோட்டார் வளைவதில்லை, பொருத்துவதும் சுலபம், லீவரும் மெத்தென்று இருக்கும். காய்ந்த தரையில் ஸ்பைர்தான் மேல், சந்தேகமில்லை.

சேறு வந்தால் கணக்கு மாறும். பெல்ஜியத்தின் நமூர், கோப்பன்பெர்க் போன்ற தடங்களில் மண்ணும் தண்ணீரும் கலந்து பேடை உப்புத்தாள் போலத் தேய்க்கும். ரெசின் (பிசின் கலவை) பேட் ஒரே பந்தயத்தில் பாதிக்குமேல் கரைவதுண்டு. ஹைட்ராலிக் இந்தத் தேய்மானத்தைத் தானே ஈடுகட்டும். கேபிள் ஈடுகட்டாது, லீவர் கொஞ்சம் கொஞ்சமாக ஹேண்டில்பாரை நோக்கி இறங்கும். பிபி7ல் இரண்டு பக்கமும் சிவப்புத் திருகு இருப்பதால் கையுறையைக் கழற்றாமலே இரண்டு கிளிக் உள்ளே திருகலாம். ஸ்பைருக்கு 3 மி.மீ. அலன் கீ தேவை, உள்பக்கத்துக்கு அதை ஸ்போக்ஸ் வழியே நுழைக்க வேண்டும். பந்தய நடுவில் யார் அதைச் செய்வார்கள்? சேற்றில் ஓட்டுபவருக்கு என் தேர்வு பிபி7 ரோடு. ஆனால் அதன் உள்பக்கத் திருகு சில சக்கரங்களில் ஸ்போக்ஸை உரசும். சக்கரத்தோடு வைத்துப் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

பெரும்பாலோர் செய்யும் தவறு, தேய்மானத்தைக் கேபிளை இழுத்துக்கட்டி ஈடுகட்டுவது. அப்போது கேபிள் இழுக்கும் கேலிப்பரின் கை பாதி வழி நகர்ந்த நிலையிலேயே தொடங்கும். முழு அழுத்தம் கிடைக்கும் முன் அதன் ஓட்டம் முடிந்துவிடும். கேபிள் இறுக்கத்தை மாற்றும் திருகான பேரல் அட்ஜஸ்டர் கேபிளின் தொய்வை எடுக்க மட்டும். தேய்மானத்துக்குப் பேடைத்தான் உள்ளே திருக வேண்டும், பிபி7ல் உள்பக்கத்தை முதலில்.

பிபி7ஐப் பொருத்தும்போது கேலிப்பர் போல்ட்டைத் தளர்த்தி, இரண்டு திருகாலும் ரோட்டாரைக் கவ்வவைத்து, அப்படியே போல்ட்டைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். பிறகு திருகுகளைப் பின்வாங்குங்கள். உள்பக்க பேட் உரசாமல் முடிந்தவரை ரோட்டாருக்கு அருகில் இருக்கட்டும். கேபிளைக் கடைசியில் கட்டுங்கள், கையை முன்கூட்டியே இழுத்துவைக்காமல்.

கேலிப்பரை மாற்றும் முன் கேபிள் ஓடும் உறையான அவுட்டரை மாற்றிப் பாருங்கள். சாதாரண சுருள் அவுட்டர் அழுத்தத்தில் சுருங்குவதால் லீவர் பஞ்சுபோல இருக்கும், பின் பிரேக்கில் இன்னும் அதிகமாக. பிரேக்குக்கென்றே செய்த சுருங்காத அவுட்டரை முழு நீளத்துக்கும் போடுங்கள், சேறு புகும் வாய்கள் குறையும். கியர் அவுட்டர் மட்டும் வேண்டவே வேண்டாம். பிரேக் அழுத்தத்தில் அது பிளந்துவிடும்.

மழைக்கால பந்தயத்துக்கு சின்டர்டு (உலோகத்தூளை அழுத்திச் செய்த) பேட். கொஞ்சம் கத்தும், ஆனால் சேற்றில் ரெசினைவிட நீண்ட நேரம் தாங்கும். புது பேடை நேராகப் பந்தயத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். நடுத்தர வேகத்திலிருந்து இருபது தடவையாவது, சக்கரம் பூட்டாமல், நிதானமாகப் பிடித்துப் பழக்கிய பிறகே முழுப் பிடி வரும்.