நெல் அவிக்கும் ஆலைக்கு எந்த வால்வு?

மாரி மழையில் விளையும் காலபோக நெல் வந்து குவியும்போதுதான் இலங்கையின் வன்னி ஆலைகளில் நீராவிக் கோளாறுகள் தலைகாட்டும். உமி அடுப்பின் வெக்கை ஒரே சீராக இராது. உமி கொட்டும் கை மாறினால் பொயிலர் அமுக்கமும் 5 பாருக்கும் 7 பாருக்கும் இடையே ஏறி இறங்கும் (பார் என்பது அமுக்கத்தை அளக்கும் அலகு). நெல் அவிக்கவோ 1, 2 பார் போதும். நடுவில் நின்று அமுக்கத்தைக் குறைத்துத் தர இரண்டு வகை வால்வுகள் உண்டு.

நேரடி வால்வில் ஸ்பிரிங் ஒரு பக்கம் தள்ள, வெளியேறும் நீராவி மறுபக்கம் டயபிரம் என்ற வளையும் மெல்லிய தகட்டைத் தள்ளும். அவ்வளவுதான் அதன் வேலை. விலை குறைவு, கழற்றிப் பூட்டுவதும் சுகம். ஆனால் நீராவி அதிகம் இழுபடும்போது, வைத்த அளவிலிருந்து அமுக்கம் கொஞ்சம் இறங்கிவிடும். பைலட் வால்வு அப்படி இறங்க விடாது. உள்ளே இருக்கும் சிறிய வால்வு பெரியதை ஆட்டுவிக்கும்.

அப்படியானால் பைலட்தானே நல்லது? எங்கள் தண்ணீரைப் பாருங்கள். பல இடங்களில் கிணற்று நீர் கடினம். கேத்தலின் அடியில் படியும் வெள்ளைதான் பொயிலருக்குள்ளும் படிகிறது. நுரைத்த நீரோடு அது நீராவியில் ஏறி வந்து பைலட்டின் ஊசித் துளைகளை அடைத்துவிடும். அதனால் அவிக்கும் பானைக்கு நான் நேரடி வால்வைத்தான் சொல்வேன். அமுக்கம் சற்று இறங்கினாலும் நெல் கெடாது. மேலே ஆவி பறப்பதைப் பார்த்துத்தானே மூடுகிறோம். அவித்த நெல்லைச் சூடான காற்றால் உலர்த்தும் டிரையர் வேறு. அமுக்க மானி 1 பார் காட்டினால் நீராவி 120 பாகை, 3 பாரில் 144. அமுக்கம் ஆடினால் காற்றின் சூடும் ஆடும். அங்கே பைலட் வேண்டும். முன்னால் நீர் பிரிப்பானும் வடிகட்டியும் பூட்டக் காசில்லை என்றால் அதை வாங்கவே வேண்டாம்.

நெல் ஊறல் தொட்டியை 65–70 பாகையில் வைக்க, தண்ணீரில் அமிழ்ந்த குமிழுக்குள் இருக்கும் திரவம் விரிந்து தானாக மூடும் வால்வு போதும். அது மெதுவாகத்தான் அசையும். அத்தனை தண்ணீரும் மெதுவாகத்தானே சூடாகும். கரண்டும் வேண்டாம். மோட்டார் வால்வென்றால், திருப்பி மூடும் ஸ்பிரிங் இல்லாவிட்டால், கரண்ட் போன இடத்திலேயே திறந்தபடி நிற்கும். தண்ணீர் கொதித்து நெல்லின் உமி பிளந்துவிடும். தானாக மூடும் வால்விலும் ஒரு பயம் உண்டு. குமிழின் மெல்லிய குழாய் அறுந்தால் திரவம் ஒழுகி வால்வு திறந்தே கிடக்கும். மண்வெட்டி படாத பக்கமாக அதைக் கொண்டுபோங்கள்.

வகையை விடப் பெரிய பிழை அளவில்தான் நடக்கிறது. 2 அங்குலக் குழாய்க்கு 2 அங்குல வால்வு என்று வாங்குகிறார்கள். மணிக்கு எத்தனை கிலோ நீராவி, இரு பக்க அமுக்கமும் எவ்வளவு என்று சொல்லித்தான் கேட்க வேண்டும். பெரிய வால்வு ஒரு மயிரிழைதான் திறக்கும். ஈர நீராவி அந்த இடுக்கில் சீறிப் பாய்ந்து, வால்வு மூடும்போது போய் அமரும் வளையத்தை (seat) அறுக்கும். ஒரே போகத்தில் ஆழக் கோடு விழுந்த வால்வொன்றைக் கழற்றியிருக்கிறேன். வெளியே புதிது போலிருந்தது, மூடினாலும் ஒழுகியது.

எதைப் பூட்டினாலும் அதற்குப் பின்னால் பாதுகாப்பு வால்வு இல்லாமல் நீராவியைத் திறக்காதீர்கள். குறைக்கும் வால்வு சிக்கித் திறந்தே நின்றால், 2 பாருக்குச் செய்த பானைக்குள் 7 பாரும் இறங்கும். பக்கத்தில் ஆட்கள் நிற்பார்கள்.