அடாப்டரா, அளவுக்கேற்ற சக்கரமா?

என் வண்டி ஃபோர்டு எஃப்-250 சூப்பர் டியூட்டி பிக்கப். 1999 முதல் அதன் சக்கரத்துக்கு எட்டு நட்டு, அவை அமையும் வட்டத்தின் விட்டம் 170 மி.மீ. கைக்கு வந்த நல்ல சக்கரங்களோ பழைய ஷெவர்லே, ராம் வண்டிகளுக்கான 165.1 மி.மீ. வட்டம். ஐந்து மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. ஆனாலும் ஏறாது, ஏற்ற முயலவும் கூடாது. ஹப்புக்கும் (சக்கரத்தைப் பூட்டும் நடுப்பகுதி) சக்கரத்துக்கும் நடுவில், ஒரு வட்டத்தை இன்னொன்றாக மாற்றும் உலோகத் தட்டான அடாப்டர் போடலாம், அல்லது அவற்றை விற்றுவிட்டு 170-லேயே வாங்கலாம். நான் விற்றுவிட்டேன்.

விலையில் அடாப்டர்தான் மலிவு. அதில் பேச்சே இல்லை. 50 மி.மீ. தடிமனுள்ள அடாப்டர் சக்கரத்தை அவ்வளவு தூரம் வெளியே தள்ளும். பேரிங்குக்குச் சுமை கூடும், முழுதாகத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசக்கூடும். சக்கரத்தின் ஆஃப்செட், அதாவது அதன் நடுக்கோட்டிலிருந்து பூட்டும் முகம் வெளிப்பக்கமாகத் தள்ளியிருக்கும் தூரம், +50 மி.மீ. ஆக இருந்தால் மட்டும் கணக்கு மாறும்: அடாப்டரோடு சேர்ந்து அது பூஜ்யமாகிவிடும்.

என்னைத் தடுத்தது உள்வரிசை நட்டுகள், அதாவது அடாப்டரை ஹப்போடு பூட்டுபவை. வண்டியின் பாரத்தைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் நட்டு ஏறும் போல்ட்டான ஸ்டட்டின் தண்டு அல்ல. நட்டின் இறுக்கத்தில் இரண்டு உலோக முகங்கள் ஒன்றையொன்று அழுத்தும்போது உண்டாகும் உராய்வுதான். இடையில் துருவோ பெயிண்டோ இருந்தால் ஓட்டத்தில் அது நசுங்கும், இறுக்கம் தளரும். அடாப்டர் போட்டால் இப்படிப்பட்ட முகங்கள் சக்கரத்துக்கு இரண்டு இடத்தில். நான்கு சக்கரத்துக்கு 32 நட்டு என்பது 64 ஆகிறது. அதில் பாதி கண்ணுக்கே தெரியாது. பூட்டி நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும் என்றால், சக்கரத்தைக் கழற்றாமல் உள்வரிசையைத் தொட முடியாது. அதன்பிறகும் அவ்வப்போது இதே வேலை. டயர் மாற்றுகிறவருக்கு உள்ளே இன்னொரு வரிசை இருப்பது தெரியாமலே போகலாம். வெளி நட்டை இறுக்கி அனுப்பிவிடுவார். நட்டை அளவாக இறுக்கும் டார்க் ரெஞ்சோடு தரையில் உட்காருவதை ரசிப்பவர்களுக்கு இது ஒரு பொருட்டல்ல. நான் அந்த ரகமல்ல, பாரமும் இழுக்கிறேன்.

துளைகளைப் புதிதாகப் போட்டுக்கொள்ளும் மூன்றாவது வழியை நான் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. பாரம் இழுக்காத, கண்காட்சிக்குப் போய்வரும் வண்டிகளில் அடாப்டர் தொல்லையின்றி ஓடலாம். அங்கே என் அனுபவம் குறைவு, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

அடாப்டர்தான் என்று முடிவெடுத்தவர்கள், அதன் உள்துளை ஹப்பிலும் வெளிவிளிம்பு சக்கரத்தின் நடுத்துளையிலும் கச்சிதமாக உட்காருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வண்டியின் பழைய ஸ்டட் அடாப்டரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால், சக்கரத்தின் பின்பக்கம் அதற்குக் குழி இருக்க வேண்டும். இல்லையென்றால் சக்கரம் முகத்தோடு படியாது. ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம். பழைய வட்டத்து ஸ்டெப்னி அடாப்டர் மேல் ஏறாது. பஞ்சரான இடத்திலேயே அடாப்டரையும் கழற்ற வேண்டியிருக்கும். புதுச் சக்கரத்தில் ஐந்தாவது ஒன்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.