ஹார்னடி ஓ.ஏ.எல். கேஜ்: மூன்று வருடம் கையில் வைத்துப் பழகிய பின்

போன வாரம் அரிசோனாவின் டெம்பியிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். .308 வின்செஸ்டர் ரைஃபிள் வாங்கி ஒரு வருடம் ஆகிறது. இப்போதுதான் தோட்டாவைச் சொந்தமாக லோட் செய்ய, அதாவது கேஸில் மருந்தும் குண்டும் வைத்துத் தயாரிக்க, தொடங்கியிருக்கிறார். "அண்ணா, பிரஸ், டை, தராசு எல்லாம் வாங்கிட்டேன். இந்த ஓ.ஏ.எல்., அதாவது மொத்த நீளம் பார்க்கற கேஜும் வேணுமா? புத்தகத்துல போட்டிருக்கற நீளத்துலயே குண்டை இறக்கிட்டா போதாதா?" என்று கேட்டார். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

புத்தகத்தில் .308-க்கு அதிகபட்ச நீளம் 2.810 அங்குலம் என்று இருக்கும். தோட்டாவின் அடியிலிருந்து குண்டின் நுனி வரைக்குமான அளவு அது. எந்தக் கம்பெனி ரைஃபிளில் போட்டாலும் மாட்டாமல் நுழைய வேண்டும் என்பதற்காக வகுத்தது. உங்கள் பேரலுக்குள் ரைஃப்லிங் மேடு (குண்டைச் சுழல வைக்கும் வரிகளின் மேடு) எங்கே தொடங்குகிறது என்பதை அது சொல்லாது. குண்டு கேஸின் (தோட்டாவின் பித்தளைக் கூட்டின்) வாயை விட்டுக் கிளம்பி, கொஞ்ச தூரம் சும்மா பாய்ந்து, பிறகுதான் அந்த மேட்டில் போய்க் கடிக்கிறது. அந்த இடைவெளியை ஜம்ப் என்கிறோம். பேப்பரில் ஐந்து ஓட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி விழுமா, சிதறி விழுமா என்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

நுனியை வைத்து அளப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நான் சுடுவது சியரா மேட்ச்கிங் 175 கிரெய்ன். இந்த வகைக் குண்டில் செம்பு உறையின் மூடிய பக்கம் அடியில் இருக்கும், திறந்த வாய் மூக்கில் வரும். அந்த வாயை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒன்றில் சற்றுப் பிசிறு இருக்கும், ஒன்றில் ஒரு பக்கம் தூக்கியிருக்கும். ஒரே டை (குண்டைக் கேஸில் இறக்கும் அச்சு), ஒரே செட்டிங்கில் பத்துத் தோட்டா லோட் செய்து நுனி வரை அளந்தேன். நீளமானதற்கும் குட்டையானதற்கும் நடுவே 0.012 அங்குலம் வித்தியாசம். அதே பத்தையும் குண்டின் வளைவு முழு விட்டத்தை எட்டும் இடத்துக்குப் பக்கத்தில், ஓஜைவில் அளந்தேன். வித்தியாசம் 0.002தான். ரைஃப்லிங்கில் போய் முட்டுவது நுனி அல்ல, ஓஜைவ். அதனால் நமக்கு வேண்டிய அளவும் அதுதான்.

சரி, கருவிக்கு வருகிறேன். நேரான மாடல், வளைந்த மாடல் என்று இரண்டு உண்டு. போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்கு நேரானது போதும். கேஜின் முனையில் மரை இருக்கும். அடியில் துளைத்து மரை வெட்டிய பித்தளைக் கேஸ் ஒன்றை அதில் திருக வேண்டும். மாடிஃபைட் கேஸ் என்று தனியாக விற்கிறார்கள், உங்கள் தோட்டா வகைக்கு உரியதைக் கேட்டு வாங்குங்கள். கேஸின் வாயில் ஒரு குண்டைத் தளர்வாக வைத்து, போல்டை வெளியே எடுத்துவிட்டு, சேம்பருக்குள் (தோட்டா உட்காரும் அறைக்குள்) கேஸின் தோள், அதாவது கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி, முட்டும் வரை நுழைக்க வேண்டும். பிறகு உள்ளே ஓடும் தண்டை விரலால் தள்ளினால் குண்டு முன்னே நகர்ந்து மேட்டில் போய் நிற்கும். திருகை இறுக்கி வெளியே எடுங்கள். பெரும்பாலும் குண்டு பேரலிலேயே நின்றுவிடும். பயப்பட வேண்டாம், முன்பக்கமிருந்து கிளீனிங் ராடால் லேசாகத் தட்டினால் விழுந்துவிடும். அதை மறுபடி கேஸில் வைத்துக் காலிப்பரில் அளக்க வேண்டும். அதற்குக் கம்பேரேட்டர் என்று சிவப்பு நிற அலுமினியக் கட்டை ஒன்று, காலிப்பரின் தாடையில் மாட்டுவது, தனியாக வாங்க வேண்டும்.

அந்தத் தண்டைத் தள்ளும் விஷயத்தில்தான் முழு சூட்சுமமும் இருக்கிறது. நான் கோயம்புத்தூரில் பம்ப் பட்டறையில் மைக்ரோமீட்டர் பிடித்துப் பழகியவன். மைக்ரோமீட்டரில் ராட்செட் உண்டு. யார் திருகினாலும் ஒரே அழுத்தத்தில் க்ளிக் என்று நழுவும். இந்தக் கேஜில் அது கிடையாது, உங்கள் விரல்தான் ராட்செட். முதல் நாள் ஐந்து முறை அளந்தேன். 2.228-இலிருந்து 2.239 வரை வந்தது, பதினோரு தவ் (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தவ்) வித்தியாசம். கட்டைவிரலால் அழுத்துவதை விட்டுவிட்டு, ஆட்காட்டி விரலின் நுனியால் மட்டும் தள்ளி, குண்டு நின்றதும் அங்கேயே நிறுத்தப் பழகினேன். இரண்டாவது வாரத்தில் பத்து அளவும் இரண்டு தவ்வுக்குள் வந்தன. என் பேரலுக்கு 2.231. இந்த எண் என் ரைஃபிளுக்கும், இந்தக் குண்டுக்கும், என் கம்பேரேட்டர் துளைக்கும் மட்டுமே பொருந்தும். தம்பி, இதை அப்படியே எடுத்து உங்கள் டையில் வைத்துவிடாதீர்கள்.

கடையில் வாங்கும் கேஸ் சுடாதது. உங்கள் சேம்பரில் சுட்டு விரிந்த கேஸைவிட அதன் தோள் கொஞ்சம் பின்னால் இருக்கலாம். அந்த அளவுக்கு எண் குறைவாக வரும். 5/16-36 மரை டேப் கிடைத்தால் நீங்கள் சுட்ட கேஸ் ஒன்றிலேயே துளை போட்டுக்கொள்ளலாம். சாதாரணக் கடையில் அந்த டேப் கிடைக்காது, தேட வேண்டும். நான் தேடி வாங்கிச் செய்தேன், நல்ல பலன்.

அப்புறம் சோதனை. வெடிமருந்தின் அளவை மாற்றாமல், மேட்டிலிருந்து 0.010, 0.040, 0.080, 0.120 என்று நான்கு இடைவெளிகளில் லோட் செய்து, 100 கஜத்தில் ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்து குண்டு, இரண்டு தடவை சுட்டேன். ஓட்டைகளின் பரவல் 0.010-இல் ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. 0.040-இல் அரை அங்குலம், இரண்டு தடவையும். மற்றவை நடுவில் நின்றன. பிறகு 0.040-க்கு இரு பக்கமும் ஐந்து ஐந்து தவ்வாக நகர்த்திப் பார்த்தேன். 0.035 முதல் 0.045 வரை ஒரே மாதிரி விழுந்தது. அந்த அகலம்தான் எனக்குப் பெரிய நிம்மதி. ஃபீனிக்ஸ் பென் ஏவரி மைதானத்தில் 600 கஜ எஃப்-கிளாஸ் (ரைஃபிளைத் தாங்கியில் வைத்துப் படுத்துச் சுடும் போட்டி) இலக்கில் பத்துப் புள்ளி வளையம் ஆறு அங்குலம், உள்ளே எக்ஸ் மூன்று அங்குலம். அங்கே காற்றோடு போராடுவதற்கே மூச்சு போதாது. தோட்டா மேல் சந்தேகம் இருக்கக் கூடாது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குண்டை ஆழமாக இறக்கினால் கேஸுக்குள் இடம் குறைந்து அழுத்தம் கூடும். மேட்டில் முட்டும்படி வைத்தாலும் கூடும், ஓடி வர இடமே இல்லை அல்லவா? ஆகவே ஆழத்தைப் பெரிதாக மாற்றினால் மருந்தைக் குறைத்து, கீழிருந்து மறுபடி ஏறி வாருங்கள்.

மேட்டுக்குள்ளேயே பத்து தவ் அழுத்தி வைக்கும் பழக்கம் முதல் வருடம் எனக்கு இருந்தது. ஒரு போட்டியில், தோட்டா சேம்பரில் இருக்கும்போது சீஸ்ஃபயர் (சுடுவதை நிறுத்து) சொல்லிவிட்டார்கள். போல்டைத் திறந்தேன். கேஸ் மட்டும் வெளியே வந்தது, குண்டு பேரலில் சிக்கி நின்றது. மருந்து முழுவதும் ஆக்‌ஷனுக்குள் கொட்டி ட்ரிகரில் இறங்கிவிட்டது. அன்று அதன் பிறகு ஒரு குண்டும் சுடவில்லை. சாயங்காலம் வீட்டில் ஸ்டாக்கைக் கழற்றி, டூத் பிரஷ்ஷால் ஒவ்வொரு மணியாக எடுத்தேன். அதற்குப் பின் பதினைந்து தவ்வுக்குக் குறைவான இடைவெளியில் போட்டிக்கு எதையும் லோட் செய்வதில்லை.

அளந்த எண்ணைத் தோட்டாவில் கொண்டுவருவது சீட்டிங் டையின் வேலை. முதலில் வாங்கிய ஒரு மலிவு டையின் ஸ்டெம் (குண்டை அழுத்தும் தண்டு), குண்டின் மூக்கில் வளையமாகத் தழும்பு போட்டது. அளவும் நாலைந்து தவ் அலைந்தது. இப்போது ஃபார்ஸ்டர் அல்ட்ரா மைக்ரோமீட்டர் டை வைத்திருக்கிறேன். மேலே திருகும்போது ஒவ்வொரு தவ்வும் கோட்டில் தெரியும். பத்துக்கு எட்டு சரியான எண்ணில் நிற்கிறது, மற்ற இரண்டும் ஒரு தவ் தள்ளி.

கேஜ், மாடிஃபைட் கேஸ், கம்பேரேட்டர் மூன்றும் சேர்த்து எனக்கு நூறு டாலருக்குச் சற்று மேலே ஆனது. ஸ்கோப்புக்குக் கொட்டிய பணத்தில் இது ஒரு மூலைக்கு வராது. வேட்டைக்கு மட்டும் சுடுகிறவர் என்றால் புத்தக நீளமே போதும் என்று சொல்லிவிடுவேன். தம்பி பேப்பரில் சுடப்போகிறார். தாராளமாக வாங்கட்டும்.

சுடச் சுட மேட்டின் முன்பகுதி தேய்ந்துகொண்டே போகும். போன சனிக்கிழமை அளந்தபோது 2.238 வந்தது. ஆயிரத்து இருநூறு குண்டுகளில் ஏழு தவ். டையை அதற்கேற்ப நகர்த்தி, ஐம்பது தோட்டா லோட் செய்து வைத்திருக்கிறேன். இந்த ஞாயிறு காலையில் வெயில் ஏறுவதற்குள் 600 கஜத்தில் பார்க்க வேண்டும்.