எல்.எல்.டி லிங்கர்: பீத்ரெட் எரரைத் தேட நல்ல துணை, லேப் கம்பைலுக்கு வேண்டாம்

சி மொழியில் த்ரெட் புரோகிராம் (ஒரே நேரத்தில் பல வேலை ஓடும் புரோகிராம்) எழுதி, கம்பைல் கொடுத்ததும் ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு பீத்ரெட்_கிரியேட்’ (அந்த ஃபங்ஷன் கிடைக்கவில்லை) என்ற வரியைப் பார்த்து விழித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு எல்.எல்.டி லிங்கரைத் தாராளமாகச் சொல்வேன் (கம்பைல் ஆன துண்டுகளையும் லைப்ரரிகளையும் ஒரே புரோகிராமாகச் சேர்ப்பதுதான் லிங்கர்). ஆனால் எரர் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கு மட்டும்தான். லேபில் காட்டப்போகும் கடைசி கம்பைலுக்கு வழக்கமான லிங்கரே போதும், அதுதான் பாதுகாப்பும்கூட.

குரோம்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிக்குச் சாயங்காலம் படிக்க வருகிறவர்கள் எல்லாருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் லேப் உண்டு. பாதிப் பேரிடம் ரிச்சி தெருவில் வாங்கிய பழைய லேப்டாப், அதில் உபுண்டு லினக்ஸ் 22.04 அல்லது அதற்குப் பிந்தையது. கல்லூரி லேபிலோ இன்னும் 20.04 ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் வாராவாரம் ஒரே புகார்: “அக்கா, வீட்ல ஓடுது, லேப்ல போட்டா லிங்கர் எரர் வருது.” பிள்ளைகள் புரோகிராமைத்தான் சந்தேகப்படுகிறார்கள், ராத்திரி முழுக்க அதையே புரட்டுகிறார்கள். பாவம், புரோகிராமில் ஒரு குறையும் இருக்காது.

விஷயம் ஜிலிப்சியில் (லினக்ஸில் சி புரோகிராம்களுக்கான அடிப்படை லைப்ரரித் தொகுப்பு) இருக்கிறது. 2021 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.34-இல் த்ரெட் ஃபங்ஷன்கள் இருக்கும் பீத்ரெட் லைப்ரரியை அப்படியே அதன் மைய லைப்ரரியான லிப்சிக்குள் சேர்த்துவிட்டார்கள். உபுண்டு 22.04-இல் இருப்பது 2.35, ஆகவே அங்கே கம்பைல் கட்டளையில் -பீத்ரெட் என்று போடாவிட்டாலும் லிங்க் ஆகிவிடும். 20.04-இல் இருப்பது 2.31, அங்கே பீத்ரெட் தனி லைப்ரரி, கேட்டால்தான் வரும். இன்னொரு குழப்பமும் உண்டு. அந்தப் பழைய லிப்சியிலேயே பீத்ரெட்_மியூடெக்ஸ்_லாக் (மியூடெக்ஸ் என்பது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) போன்ற சில ஃபங்ஷன்களுக்குப் பெயரளவில் ஒரு வடிவம் இருந்தது. அதனால் எரர் கிரியேட்டுக்கும் ஜாயினுக்கும் மட்டும் வரும், மியூடெக்ஸ் வரியைப் பற்றி லிங்கர் வாயே திறக்காது. “லாக் கிடைக்குது, கிரியேட் மட்டும் ஏன் கிடைக்கலை, ஹெட்டர்ல தப்போ?” என்று பிள்ளைகள் ஹெட்டர் ஃபைலைத் தோண்ட ஆரம்பிப்பது இதனால்தான். ஹெட்டர் கம்பைலருக்குப் பெயரை மட்டும் சொல்லும், உள்ளே இருக்கும் கோடைக் கொண்டுவந்து சேர்ப்பது லிங்கர் வேலை.

சரி, எல்.எல்.டிக்கு வருவோம். இது கம்பைலர் கருவிகள் செய்யும் எல்எல்விஎம் திட்டத்தின் லிங்கர், இலவசம், ஏப்ட் மூலம் எல்எல்டி என்ற பேக்கேஜாக வந்துவிடும். ஜி.சி.சி கம்பைலர் கட்டளையோடு -எஃப்யூஸ்-எல்டி=எல்எல்டி என்று சேர்த்தால் போதும், வேறு எதையும் மாற்ற வேண்டாம். ஃப்ரீபிஎஸ்டி என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் 12.0 முதல் இதையே தன் சிஸ்டம் லிங்கராக வைத்திருக்கிறது என்பதால் தைரியமாக இறக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் எரர் மெசேஜ். வழக்கமான க்னூ லிங்கர் எந்த ஃபங்ஷனில் பிரச்சினை என்று சொல்லிவிட்டு, கூடவே டாட் டெக்ஸ்ட் பிளஸ் ஏதோ ஒரு ஹெக்ஸ் எண், டெம்ப் ஃபோல்டரில் இருக்கும் ஏதோ ஒரு ஆப்ஜெக்ட் ஃபைலின் பெயர், கடைசியில் ‘எல்டி ரிட்டர்ன்ட் 1 எக்ஸிட் ஸ்டேட்டஸ்’ என்று முடிக்கும். புதிதாகப் படிக்கிறவர்கள் அந்தக் கடைசி வரியைத்தான் எரர் என்று நினைத்துக் கூகுளில் தேடுகிறார்கள், அது எதையுமே சொல்லாத வரி. எல்.எல்.டி முதலில் எந்தப் பெயர் கிடைக்கவில்லை என்று ஒரு வரி, அதற்குக் கீழே அது எந்த ஃபைலில், எந்த ஃபங்ஷனிலிருந்து கூப்பிடப்பட்டது என்று தனித்தனி வரியில் அடுக்கிக் காட்டும். டீபக் விவரம் சேர்க்கும் -ஜி போட்டுக் கம்பைல் செய்திருந்தால் வரி எண்ணும் வந்துவிடும் (நியாயமாகச் சொன்னால், -ஜி போட்டால் க்னூ லிங்கரும் வரி எண் தரும்). ஒரே பெயர் பல இடத்தில் விடுபட்டிருந்தால் முதல் சில இடங்களைக் காட்டிவிட்டு மீதிக்கு எண்ணிக்கை மட்டும் சொல்லும், திரை நிரம்பி வழியாது.

எழுத்துப் பிழையையும் பிடிக்கிறது. ஹெட்டரில் வொர்க்கர்_இனிட், சி ஃபைலில் வொர்க்கர்ஸ்_இனிட் என்று ஓர் எழுத்து கூடிவிட்டால், “இதைத்தான் சொல்ல வந்தீர்களா” என்று சரியான பெயரையும் அது இருக்கும் ஃபைலையும் காட்டும். இரண்டு பேர் சேர்ந்து செய்யும் மினி புராஜெக்டில் இது பெரிய உதவி.

மியூடெக்ஸை ஹெட்டர் ஃபைலிலேயே எக்ஸ்டர்ன் (வேறு ஃபைலில் இருக்கிறது என்று சொல்லும் சொல்) இல்லாமல் அறிவித்துவிட்டு, அந்த ஹெட்டரை மூன்று சி ஃபைலில் சேர்ப்பவர்களுக்கும் இது கைகொடுக்கும். ஜி.சி.சி 9 வரை இது சத்தமில்லாமல் போய்விடும், 10-இலிருந்து -எஃப்நோ-காமன் (ஒரே பெயரில் வரும் அறிவிப்புகளை ஒன்றாக்காத தெரிவு) இயல்பாகவே இருப்பதால் ‘மல்டிபிள் டெஃபினிஷன்’ என்று நிற்கும். எல்.எல்.டி அதை ‘டூப்ளிகேட் சிம்பல்’ என்று சொல்லி மோதுகிற இரண்டு இடத்தையும் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தருகிறது, பார்த்த உடனே புரிகிறது.

இப்போது எனக்குப் பிடிக்காத பக்கம், என்னைக் கேட்டால் இதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். பீத்ரெட் லைப்ரரியை நேரடியாகக் கேட்கும் -எல்பீத்ரெட் என்பதை சோர்ஸ் ஃபைலுக்கு முன்னால் போட்டால் உபுண்டு 20.04-இன் வழக்கமான லிங்கரில் லிங்க் ஆகாது. லிங்கர் இடமிருந்து வலமாகப் போகும், லைப்ரரியைப் பார்க்கும் நேரத்தில் அதை யாருமே கேட்டிருக்கவில்லை, உபுண்டுவில் ஆஸ்-நீடட் (கேட்ட லைப்ரரியை மட்டும் சேர்க்கும் தெரிவு) இயல்பாகவே இருப்பதால் தேவையில்லை என்று விட்டுவிடும். அப்புறம் மெயின் ஃபைல் வந்து கேட்கும்போது தர ஆள் இருக்காது. எல்.எல்.டி அப்படி வரிசை பார்ப்பதில்லை, எந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்று நினைவில் வைத்துக்கொண்டு எப்படிக் கொடுத்தாலும் சேர்த்துவிடும். வசதிதான். ஆனால் வீட்டில் இதோடு பழகிய மேக்ஃபைல் (கம்பைல் கட்டளைகளை எழுதிவைக்கும் ஃபைல்) லேபில் போய்ப் படுத்துவிடும், எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் பக்கத்தில் நிற்கும்போது அது நடந்தால் பிள்ளை அழுதுவிடும். வரிசைத் தப்பைச் சொல்ல வார்ன்-பேக்ரெஃப்ஸ் என்று ஒரு எச்சரிக்கைத் தெரிவு இருக்கிறது, அது புரோகிராமுக்குள்ளேயே சேர்ந்துவிடும் டாட் ஏ லைப்ரரிகளுக்கு மட்டும்தான். ஓடும்போது தனியாக இணையும் ஷேர்டு லைப்ரரியாக வரும் பீத்ரெட்டுக்கு உதவாது.

அதனால் எந்த லிங்கராக இருந்தாலும் -எல்பீத்ரெட்டை விட்டுவிட்டு -பீத்ரெட் என்றே போடுங்கள், கம்பைல் வரியிலும் லிங்க் வரியிலும். ஜி.சி.சி லைப்ரரியைச் சரியான இடத்தில், கடைசியில், தானே வைத்துக்கொள்ளும், நீங்கள் கட்டளையில் எங்கே எழுதினாலும் கவலையில்லை. பழைய ஜிலிப்சி, புதிய ஜிலிப்சி இரண்டிலும் ஓடும்.

வேகத்தைப் பற்றிப் பலர் பெருமையாகச் சொல்வார்கள். இருநூறு வரி லேப் புரோகிராமுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. சென்னை ஓ.எம்.ஆர் ஐ.டி கம்பெனிகளில் பெரிய சி++ கோட்பேஸை நாள் முழுக்க லிங்க் செய்கிறவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு.

ஐந்துக்கு நான்கு தருகிறேன். எரர் மெசேஜுக்கு மட்டும் என்றால் முழு ஐந்து. வரிசைத் தப்பை மூடிவிடுவதால் ஒன்று குறைத்தேன். லேப் மெஷினில் இன்ஸ்டால் செய்ய அனுமதி இல்லாதவர்கள் வீட்டில் எல்.எல்.டி வைத்துத் தப்பைச் சரிசெய்துவிட்டு, கிளம்பும் முன் அந்த -எஃப்யூஸ்-எல்டி பகுதியை எடுத்துவிட்டு ஒருமுறை முழுதாகக் கம்பைல் செய்து பாருங்கள். லேபில் உட்கார்ந்ததும் முதலில் எல்டிடி --வெர்ஷன் கொடுத்தால் ஜிலிப்சி எண் வரும். 2.34-க்குக் கீழே என்றால் -பீத்ரெட் இருக்கிறதா என்று மேக்ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.